கிளம்பும் முன்பே வந்த லோரி

என்னோடு கடைக்கு வர என் தங்கைக்குப் பிடிக்காது. தேங்காயை ஆட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், காதோடு வைத்துக் கேட்பேன். வீட்டில் உடைத்து உள்ளே வெள்ளையாக இருப்பதைப் பார்க்கும்வரை கடைக்காரர் எனக்குத் திருடர்தான். எண்பதுகளின் கடைசியில் கோல சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இந்தக் குணத்தை நான் வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை.

அந்த வருஷம்தான் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. யூனிக்ஸ் என்றார்கள். மெஷின் ஒன்றுதான், குளிர்சாதன அறைக்குள் பூட்டிக் கிடந்தது. அதிலிருந்து இரண்டு திரைகள். ஒன்று ஆபீசில் என் மேசைமேல், இன்னொன்று வாசலில் லோரிகளை நிறுக்கும் தராசு அறையில். அங்கே கணக்கெழுதிய கிராணி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்தில் பழக்குலை ஏற்றிய லோரி புறப்படும்போது அங்குள்ள கிராணி ஒரு சிட்டில் நேரம் எழுதிக் கொடுப்பார். லோரி ஆலைக்கு வந்ததும் அந்த நேரத்தையும் எடையையும் அண்ணன் தட்டுவார். வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் யாரும் தட்ட வேண்டாம், மெஷினே போட்டுக்கொள்ளும். வெட்டிய பழம் கிடந்தால் எண்ணெய் கெட்டுவிடும் என்பதால் மேனேஜர் அந்த நேரங்களை வாரம் ஒருமுறை பட்டியலாக எடுத்துப் பார்ப்பார்.

மெஷினைப் பொருத்தக் கோலாலம்பூரிலிருந்து வந்த சீன எஞ்சினியர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் பாடம் எடுத்தார். 'டேட்' என்று தட்டினால் தேதியும் மணியும் வரும். மெஷினின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்கே. ஆனால் அவரவர் பெயரில் உள்ளே நுழைந்த பிறகு, அவரவர் திரைக்கு மட்டும் எந்த ஊர் நேரத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, லண்டன் நேரத்தை வரவழைத்துக் காட்டினார். டி.இசட். என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் ஓர் எண். நம் மலேசியாவுக்கு மைனஸ் எட்டு. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று நான் மூன்று முறை கேட்டேன். ஆகாது என்று மூன்று முறையும் சொன்னார்.

எனக்கு லண்டன் வேண்டியிருக்கவில்லை. எண்பத்திரண்டு பிறந்தபோது எங்கள் பக்கத்துக் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வரிசை வீட்டில் மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடியது. "கவர்மெண்டு மணிய மாத்தலாம், ராகு மாறுவானா?" என்பது அம்மாவின் கட்சி. நல்லது கெட்டதை அம்மா பழைய மணியில்தான் பார்ப்பார். படித்து ஆபீஸ் வேலைக்கு வந்தவள் என்று பெயர்தானே தவிர, ராகு காலத்தில் புதிய ஃபைல் திறக்க எனக்கும் கை வராது. ஒவ்வொரு தடவையும் அரை மணியைக் கழித்துக்கொண்டிருப்பதற்குப் பதில் நான் நுழையும்போதெல்லாம் மெஷின் படிக்கும் என் புரொஃபைலில் ஒரு வரி எழுதி, எட்டை ஏழரை ஆக்கிக்கொண்டேன். ஏழரை என்று தட்டும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாள் போகப்போக அந்த வரி இருப்பதையே மறந்துபோனேன்.

அண்ணனுக்கு வயிற்றுப்புண். ஒரு மணிக்குச் சோறு உள்ளே போகாவிட்டால் சுருண்டுவிடுவார். அதனால் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை அவர் லயத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வர, நான் போய்த் தராசு அறையில் உட்காருவேன். மேனேஜருக்குத் தெரியாத ஏற்பாடு. தன் பெயரில் திறந்திருக்கும் திரையிலேயே தட்டச் சொன்னார் அண்ணன். நான் கேட்பேனா? நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் இவர் பழியை என் தலையில் போட மாட்டார் என்பது என்ன நிச்சயம்? அவரை வெளியேற்றிவிட்டு என் பெயரில் உள்ளே நுழைந்துதான் வேலை பார்த்தேன். திரும்பி வந்ததும் தினமும் முணுமுணுப்பார்.

அந்த அரை மணியில் வருவது அநேகமாக ஒரே லோரிதான். சுங்கை பெசார் பக்கத்துத் தோட்டப் பிரிவிலிருந்து, அதாவது டிவிசனிலிருந்து, வரும் லோரி. ஓட்டுவது என் அப்பா.

சில வாரம் கழித்து அப்பாவுக்கு ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். பாரம் ஏற்றிய லோரிக்கு ஒன்றேகால் மணி பிடிக்கும் தூரத்தை மத்தியான நடையில் மட்டும் முக்கால் மணியில் கடந்திருக்கிறார். ஆகவே டிவிசனுக்கே போகாமல் பாதி வழியில் யாருடைய பழத்தையோ ஏற்றி வருகிறார், சிட்டு பொய்ச் சிட்டு என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். பதில் சொல்ல இரண்டு வாரம் தவணை. வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, லோரிக்கு அவ்வளவு வேகம் இருந்தால் நான் ஏன் தினமும் பசியோடு வருகிறேன் என்று கேட்டார். அம்மா அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மெஷினைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நான் செய்யவில்லை, அப்படியென்றால் யார்? அண்ணனின் மைத்துனன் அப்பா ஓட்டும் லோரியைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து அவரைக் கவனித்தேன். நான் உள்ளே போனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை மூடி மேசைக்குள் தள்ளினார். லோரி போன பிறகும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், நேரத்தை மாற்றுவது அந்த ஆள்தான் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் நாள் முழுக்க ஆபீசில் இருக்கிறேன், தராசு அறைக்குள் அவரைத் தவிர யாரும் போவதில்லை என்றேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். சின்னப் பொய், பெரிய திருட்டைப் பிடிக்கத்தானே என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அண்ணன் மறுத்திருக்கிறார். ஆனால் மத்தியானத்தில் தான் அங்கே இருப்பதில்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. வேலை நேரத்தில் தராசைப் போட்டுவிட்டுப் போவதே பெரிய குற்றம். அவரைச் சுங்கை பெசார் டிவிசனுக்கு மாற்றி, லோரிகளுக்குச் சிட்டு எழுத வைத்தார்கள். தராசு அறை வேலை எனக்கு வந்தது. தராசு அறைச் சாவியையும் அந்த நோட்டையும் என்னிடம் கொடுத்தபோது அவர் கோபப்படவில்லை.

"அரை மணி தாம்மா. ஒவ்வொரு நாளும் சரியா அரை மணி. திருடறவன் ஒரு நாளைக்கு இருவது நிமிசம் திருடுவான், ஒரு நாளைக்கு நாப்பது நிமிசம் திருடுவான். இப்படி அளந்து எவன்லா திருடுவான்?"

கைதேர்ந்த திருடன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போனதும் நோட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சினியர் சொல்லிக் கொடுத்த கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டிருந்தார். இங்கிலீஷ் தடுமாறும் என்பது எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் மறைத்திருக்கிறார். அப்போதும் நான் கடைசிப் பக்கம்வரை புரட்டித் தேடினேன்.

மறுநாள் காலை தராசு அறையில் நான் எடை போட்ட முதல் லோரி, இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் டிவிசனிலிருந்து வந்தது. சிட்டில் கிளம்பிய நேரம் எட்டு பத்து. தட்டினேன். மெஷின் கீச்சென்று கத்திவிட்டு மறுத்தது. வந்த நேரம் எட்டு மணி, கிளம்பிய நேரம் எட்டு பத்து, சரிபார்க்கவும் என்றது திரை. லோரி கிளம்பும் முன்பே வந்து நிற்கிறது. என் கைக்கடிகாரத்தில் எட்டரை.

என் புரொஃபைலைத் திறந்தேன். மைனஸ் ஏழரை அங்கேயே உட்கார்ந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்ட நான், என் பெயரில் ஓடும் வேலைக்கு என்ன ஆகும் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. மத்தியானத்தில் என் பெயரில் நுழைந்தபோதெல்லாம் லோரி வந்த நேரம் அரை மணி முன்னதாகவே பதிவாகியிருக்கிறது. அப்பாவின் பாதை நீளமானது, அரை மணி குறைந்தாலும் மெஷின் கத்தவில்லை. ஏழரையை எட்டாக்கினேன். லோரி டிரைவர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரப் பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தது. மேனேஜருக்கு மகிழ்ச்சி. ஆளை மாற்றியதும் நேரம் சரியாகிவிட்டது, இனி சந்தேகமே இல்லை என்றார். அப்பா மேலிருந்த புகாரைக் கிழித்துப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தப்பைத் திருத்தியதே அண்ணனுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

அப்பா தினமும் அவரிடம்தான் சிட்டு வாங்கினார். "அவரு இன்னும் எனக்குத் தண்ணி மொண்டு குடுக்குறாரும்மா. கெடுதல் செஞ்சவன் அப்படிக் கண்ண பாத்துக் குடுக்க மாட்டான்" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சனிக்கிழமை காலை லோரியில் ஏறு என்று மட்டும் சொன்னார்.

பழக்குலைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். கடைசியில், "ஆபீசுல சொல்லிட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? அங்க சொல்லு." சிட்டில் நேரம் எழுதி அப்பாவிடம் நீட்டிவிட்டு அடுத்த லோரியைப் பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் சொன்னேன். மத்தியான ஏற்பாட்டையும் சேர்த்துத்தான். என்னை மெஷினிலிருந்து எடுத்துத் தபால் வேலைக்குப் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு வாரத்தில் அண்ணன் தராசு அறைக்குத் திரும்பினார். மத்தியானத்தில் வெளியே போனதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு அவர் சாப்பிட லயத்துக்குப் போகவில்லை. காலையிலேயே தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வந்துவிடுவார். ஒரு நாள் ஒரு மணிக்குக் கடிதம் கொடுக்கத் தராசு அறைக்குப் போனேன். சோறு ஆறிக்கிடந்தது. வேண்டுமானால் போய் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டு வாருங்கள் அண்ணே, நான் வெறுமனே காவலுக்கு நிற்கிறேன் என்றேன். பரவாயில்லை என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான். பிறகு என் பக்கம் திரும்பாமல் 'டேட்' என்று தட்டி, வந்த மணியைத் தன் கைக்கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, நான் வாசற்படி தாண்டும்வரை காத்திருந்துதான் சோற்றில் கை வைத்தார்.