கம்பளிப்பூச்சி என்று சொன்ன பொய்

அருள்மேரி எட்டாவதோடு பள்ளியை விட்டவள். நீடாமங்கலத்தில் தையல் மிஷின் மிதித்தே தங்கை எல்சியை நர்ஸாக்கினாள். எல்சியின் உடுப்பெல்லாம் அவள் தைத்ததுதான். இடப்பக்கம் மட்டும் உள்ளே துணியை மடித்து வைத்துத் தைப்பாள், நூலளவும் பிசகாது. எல்சிக்கு அந்தப் பக்க மார்பு வளரவில்லை. அதன் மேலே, தோள்வரை, காப்பிப்பொடி நிறத்தில் ரோமம் முளைத்த மச்சம். அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

2009இல் எல்சிக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது.

"அங்க யாருக்கா எனக்கு மடிச்சு வெச்சுத் தைப்பா?" என்றவள், தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து மார்பில் ஏற்றும் ஆபரேஷனுக்குத் தானே நாள் குறித்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அருள்மேரிக்குச் சோறு இறங்கவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா வந்து எல்சியின் மார்பில் பேனாவால் கோடு போட்டார்.

"இந்த இடத்துல முன்னாடி தீக்காயம், புண்ணு ஏதாவது?"

"இல்ல டாக்டர். பதிமூணு வயசுல கம்பளிப்பூச்சி ஊர்ந்து கொப்பளம் போட்டுச்சு. அவ்ளோதான்."

அருள்மேரியின் கை கட்டில் கம்பியை இறுக்கியது. அது பூச்சியில்லை. மச்சம் கறுக்கத் தொடங்கிய வருஷம், யாரோ சொன்னதைக் கேட்டு, வேப்பெண்ணெய் என்று பொய் சொல்லி, சேராங்கொட்டைப் பாலைத் தடவியது அவள்தான். தோல் வெந்து தங்கை துடித்தபோது பழியை முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சி மேல் போட்டாள். அந்தப் பக்கம் வளராமல் போனதும், தான்தான் பொசுக்கிவிட்டோம் என்று நம்பினாள். அதன்பிறகு இந்தப் பதிமூன்று வருஷமும் மடித்து வைத்துத் தைத்ததெல்லாம் அந்தப் பயத்தில்தான்.

சொன்னால் தங்கை தன்னை வெறுத்துப் போய்விடுவாள். சொல்லாமல் விட்டு, உள்ளே ஏதாவது ஆகிவிட்டால்?

"டாக்டர்... அது பூச்சி இல்லீங்க. நான்தான் சேராங்கொட்டை வெச்சேன்."

எல்சி திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இங்க தோல் கெட்டிச்சுப் போயிருக்கு. இந்த எடத்துல கொழுப்பு சரியாப் பிடிக்காது. கொஞ்சமாத்தான் வெக்கணும். சொன்னது நல்லதாப் போச்சும்மா."

"அதாலதானே டாக்டர் வளரல?"

"இல்லம்மா. சேராங்கொட்டை மேல்தோலத்தான் பொசுக்கும். இந்த மாதிரி மச்சம் இருக்கிற சிலருக்கு அந்தப் பக்கம் வளர்ச்சி கம்மியா இருக்கும். பிறவியிலேயே உள்ளது. நீங்க செஞ்சதில்ல."

அருள்மேரியின் கை கட்டில் கம்பியை விட்டது.

"வெக்கிறது அத்தனையும் நிக்காது. கொஞ்சம் கரையும். மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. எல்சி கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"இத்தன வருஷமா முருங்கமரத்துப் பக்கமே போகலடி நான்."

அக்காவை அவள் டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபமா, கேலியா? அருள்மேரிக்குப் பிடிபடவில்லை.

"எல்சி..."

"இப்ப எதுவும் பேசாதக்கா. எனக்கே பயமா இருக்கு. வெளியில இரு. எங்கயும் போயிடாத."

கதவு சாத்திக்கொண்டது. பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அருள்மேரி உட்காரவில்லை. கதவு திறந்ததும் தங்கை கண்ணில் தான் படவேண்டும் என்று, வழிக்கு நேராகவே நின்றாள்.