கடைசி வரிசைக்குப் போன கவுன்சிலர்

ஒரு பெரிய மனுஷியின் முப்பத்தைந்து நிமிடங்களைத் திருடியவன் நான். இதுவரை யாரும் பிடிக்கவில்லை. போன வாரம் லண்டன் இல்ஃபோர்ட் கடையொன்றில் தொங்கிய சந்தனச்சீவல் மாலையின் வாசம் மூக்கில் ஏறியதும், குற்றம் நடந்த வால்தம்ஸ்டோ மாதாகோயில் மண்டபத்தில் மனசால் மறுபடி போய் நின்றேன்.

அப்போது வாரம் முழுக்கக் கோழிக்கடையில் ஷிப்ட். சனிக்கிழமைகளில் மட்டும் தமிழ்ச் சங்கச் செயலாளர். எங்கள் கவுன்சிலருக்கு வரவேற்பு. அமெரிக்காவின் தெற்கே பிறந்த கறுப்பினப் பெண்மணி. அவருடைய தாயார் வாக்காளராகப் பதியப் போனபோதெல்லாம் வாசிப்புப் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பினார்களாம். மகளோ கலியாணம் கட்டி லண்டன் வந்து, எங்கள் கவுன்சிலில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணானார். இவ்வளவையும் சொன்னேன். இதற்கு முன்னால் சங்ககாலப் பெண்களைப் பற்றிக் கால் மணிநேரம் சொல்லியிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னேன். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

மண்டபத்தை ஆறு மணிக்கு விடவேண்டும். காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கினான். தலைவர் முன்வரிசையிலிருந்து, "நல்லாப் போகுது, விடாத" என்றார்.

கடைசி வரிசையில் மன்னார் செல்வராணி அக்கா, மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒன்று, கையில் ஒரு கடிதம். திங்கள் மத்தியானம் வீட்டைக் காலிபண்ண கோர்ட் ஆட்கள் வருகிறார்கள். அதைக் காட்டத்தான் வந்திருந்தார்.

"இன்னும் முடியேல்லையோ, தம்பி?" என்று அங்கிருந்தே கேட்டார்.

கவுன்சிலருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த மாதிரிக் குரல் தெரிந்திருந்தது. எழுந்தார். கழுத்தில் நாங்கள் போட்ட சந்தனச்சீவல் மாலையோடு, தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலோடு நான் மேடையில் நின்றேன். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டு, "சுருக்கமாக" என்றார்.

எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையைத்தான் முதலில் கேட்பாராம். தாயார் நின்ற வரிசை அது என்று பின்னொருநாள் என்னிடம் சொன்னார். திங்கள் காலை கோர்ட் திறந்ததும் அக்காவோடு போய்த் தடை உத்தரவு வாங்கினார். பிறகு அக்கா வீட்டு மாடிப்படியில் கால்நீட்டி உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தபடி காத்திருந்தார். வந்தவர்கள் தாளை வாசித்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த வீட்டிலிருந்துதான் அக்காவின் பிள்ளைகள் இரண்டுபேரும் படித்து ஆளானார்கள்.

மண்டபம் இப்போது அடுக்குமாடி. முறைப்பாடு என்றால் இணையத்தில் ஒரு படிவம். அதில் வரிசையும் இல்லை, கதிரையும் இல்லை. கவுன்சிலரும் போன மாரிக்குளிரில் போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி சொல்ல அக்காவுக்குப் போன் எடுத்தேன். நெடுநேரம் அழுதார்.

"தெய்வம் மாதிரி மனுசி, தம்பி" என்றார் மூக்கைச் சிந்தியபடி. "ஆனா நான் வோட்டுப் போட்டது மற்றக் கட்சிக்கு. அவையள் வீட்டுக்கு வந்து வோட்டுக் கேட்டவை. இவா வந்தவா, தேத்தண்ணி குடிச்சவா, ஒருக்காலும் வோட்டுக் கேக்கேல்லையே."