நூற்றுப் பதினெட்டாவது தனிமமும் ஒரு சந்தனப் பொட்டும்

ஓசூரில் ஒரு வார்ப்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. உலையிலிருந்து ஒரு துண்டு இரும்பு வரும்; மெஷினில் வைத்துப் பொறி பாய்ச்சினால் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று திரையில் விழும். எம்.எஸ்சி. படித்துவிட்டுத் தினமும் அதே ஏழெட்டுத் தனிமங்கள். மனசோ தனிம அட்டவணையின் கடைசி வரிசையில் கிடந்தது. ஓர் அணுக்கருவை இன்னொன்றின் மேல் மோதவிட்டு உண்டாக்குகிற, உண்டான வேகத்தில் சிதைந்துபோகிற தனிமங்கள். நூற்றுப் பதினெட்டோடு வரிசை நிற்கிறது. அதற்கு மேல் உண்டா? அந்த ஆராய்ச்சியில் சேர விண்ணப்பித்திருந்தேன்.

ஆயுத பூஜை முடிந்து ஆலை திறந்த அன்று பதினோரு மணிக்குச் செல்போனில் வீடியோ நேர்காணல். லீவு கிடைக்கவில்லை, அரை மணி நேரம் வெளியே போய்வரலாம் என்றார் சூப்பர்வைசர்.

அன்றைக்கென்று மெஷின் தப்பாகக் காட்டியது. அளவு தெரிந்த இரும்பு வட்டு ஒன்றை வைத்துத்தான் மெஷினைச் சரிபார்ப்போம். அந்த வட்டிலேயே கார்பன் அளவு கூடுதலாகக் காட்டியது. லென்ஸைத் துடைத்தேன், ஆர்கான் வாயு சிலிண்டரை மாற்றினேன். பயனில்லை.

“என்னாபா, உலை காத்துனு கெடக்குது. பூஜையில நீ மட்டும் கும்புடலியா?” என்று போனில் சூப்பர்வைசர்.

வட்டை வெளிச்சத்தில் திருப்பினேன். மங்கலாக மஞ்சள். கூடத்தைத் துப்புரவு செய்யும் ஊத்தங்கரை அக்காவைப் பார்த்தேன்.

“எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சேன். இதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்? காலைல தொடைச்சிட்டேனேபா.”

சந்தனத்தில் இருப்பதும் கார்பன்தானே. வட்டைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, நேர்காணலுக்காகப் பைக் ஷெட்டுக்கு ஓடினேன். பத்து நிமிடம் தாமதம்.

“உண்டாவதே ஓரிரு அணுக்கள். கண்ணிமைக்கும் முன் போய்விடுகின்றன. பார்த்தது அதுதான், வேறு அழுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?” என்றார் நேர்காணல் குழுவில் ஒருவர்.

எனக்குத் தலைகீழாகத் தெரிந்த பதில். புதிய அணுக்கரு சிதையும்போது ஆல்ஃபா துகள்களை ஒன்றன்பின் ஒன்றாக உமிழ்ந்து, நமக்குத் தெரிந்த அணுக்கருவில் போய் நிற்கும். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் முதலில் இருந்தது எது என்று தெரியும். ஆனால் நான் சந்தனக் கதையில் ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். உற்சாகத்தில் நீட்டிக்கொண்டே போனேன். ஆல்ஃபாவுக்கு வரும்போது சூப்பர்வைசரின் அழைப்பு குறுக்கே வந்து இணைப்பு அறுந்தது. திரும்ப நுழைவதற்குள் என் நேரம் முடிந்திருந்தது.

இடம் இல்லை என்று பிறகு மின்னஞ்சல் வந்தது.

“கெடைக்கலியாபா?” என்றார் அக்கா.

“இல்லக்கா.”

“அடுத்த வருஷம் அந்த வட்டுக்கு வெக்கல, போ.”

சிரிக்கவும் தெம்பில்லை. சூடு ஆறாத அடுத்த துண்டு வந்தது. பொறி பாய்ச்சினேன். கார்பன், சிலிக்கன், மாங்கனீஸ்.