அப்பா என்னைப் போல் நடித்த சனிக்கிழமை

என் அறைக் கதவின் தாழ்ப்பாளை அப்பா திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்ததை, கையில் பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் எட்டாம் வகுப்பு. அப்பா மரவேலை செய்கிறவர். காரைக்குடியைச் சுற்றிப் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் நிலை, கதவு, ஜன்னல் என்று அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் தாழ்ப்பாள் வைத்துப் பார்த்திருக்கிறேனே தவிர, கழற்றிப் பார்த்ததில்லை. ஸ்குருவை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். வாய் நிறைய ஸ்குரு இருந்ததால் காரணம் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் தாழ்ப்பாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போய்விட்டார். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

தெரியக்கூடாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. பாடம் படிக்க அம்மாவின் போனை எடுப்பேன். அதில் ஒரு பெண் எனக்குப் பழக்கமானாள். என்னைப் போலவே எட்டாம் வகுப்பு, என்னைப் போலவே படம் வரைவதில் ஆசை என்று சொன்னாள். வீட்டுக் கதை, பள்ளிக்கூடக் கதை எல்லாம் அவளிடம் கொட்டினேன். ஒருநாள் அவள் பெண்ணே இல்லை என்று தெரிந்தது. அவளாக இருந்த அவன், ஆண்டு விழாவில் எடுத்து நான் அனுப்பியிருந்த என் படத்தை வேறொரு உடம்போடு ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னான். சொன்ன நாளில் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக வராவிட்டால் அதை ஊர் முழுக்க அனுப்புவேன் என்றான். யார் யாருக்கு அனுப்புவான் என்று பெயர் பெயராகவும் சொன்னான். எல்லாம் நானே பேச்சுவாக்கில் அவனுக்குச் சொல்லியிருந்த பெயர்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த அறையில் அம்மாவின் போன் சத்தம் போட்டாலே அவளுக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்துப் பார்ப்பேன்.

ஆனால் அவனைவிட அப்பாவுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். என் பெரியப்பா மகளை ஒரு பையன் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்தான் என்பதற்காக அவள் படிப்பை நிறுத்தினார்கள். பையன் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போனான். அக்காதான் வீட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அப்பா, "அண்ணன் செஞ்சதுதான் சரி. எதாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று சொன்னது என் காதிலேயே நின்றது. ஒரு சைக்கிளுக்கே அது என்றால் எனக்கு என்ன நடக்கும் என்று நினைத்து நினைத்தே பாதி உயிர் போனது.

தாழ்ப்பாள் போனதற்கு உண்மையான காரணம் பக்கத்தில் சாக்கோட்டையில் நடந்த வகுப்பு. பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டுகிற பிள்ளைகளையும் பெற்றவர்களையும் சனிக்கிழமைதோறும் மதியம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதலில் பெற்றவர்கள் ஓர் அறையிலும் பிள்ளைகள் பக்கத்து அறையிலும் உட்கார வேண்டும். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள். வீட்டில் எப்படிப் பேசுவது, எதற்குக் கோபப்படுவது, பிள்ளை தப்பான சகவாசத்தில் போவதற்கு முன்பே எப்படிக் கவனிப்பது என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். அம்மா பலகாரக் கடையில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை அவளுக்கு நிற்க நேரம் இருக்காது. அதனால் அத்தனை அம்மாக்களுக்கும் நடுவில் ஒரே ஆம்பளையாக அப்பா வந்து உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தவர், பாடத்தைக் கேட்டதைவிட அந்தப் பெஞ்சின் கால் ஆடுவதைத்தான் அதிகம் கவனித்தார் என்பது என் எண்ணம். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதல் வாரம் வகுப்பு எடுத்த டீச்சர் சொல்லியிருக்கிறார். அப்பா அதை ஓர் ஆசாரி எப்படிப் புரிந்துகொள்வாரோ அப்படிப் புரிந்துகொண்டார்.

அடுத்த வாரம், சொல்லிக் கொடுத்ததில் எதை வீட்டில் செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது அப்பா எல்லாருக்கும் முந்திக்கொண்டு, "மக ரூம்புத் தாழ்ப்பாளக் கழட்டிட்டேன் டீச்சர்" என்றார். அம்மாக்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "பிள்ளைகிட்ட கேட்டுக்கிட்டா கழட்டுனீக?" என்றார். "அதுகிட்ட என்னத்தக் கேக்குறது? நாஞ் செஞ்ச கதவுதானே" என்று அப்பா சொன்னார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. டீச்சர் நிதானமாக, பயந்த பிள்ளை ஒளிந்துகொள்ளத்தான் இடம் தேடும், பேச ஆள் தேடாது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அன்று சாயங்காலமே அப்பா முணுமுணுத்துக்கொண்டே தாழ்ப்பாளை மறுபடியும் மாட்டினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தினமும் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அந்த வாரத்து வீட்டுப்பாடம். பாராட்டிப் பழக்கமே இல்லாத மனிதர் அவர். காலையில் என் முன்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் யோசித்து, "சடை நல்லா இருக்கு" என்றார். மறுநாள், "தண்ணிக் கொடத்தச் சிந்தாமத் தூக்குற" என்றார். அப்பா திட்டினால் எனக்குப் பழக்கம். எங்கே ஆரம்பிக்கும், எங்கே முடியும் என்று தெரியும். இந்தக் கனிவு எனக்குக் குலை நடுக்கத்தைக் கொடுத்தது. எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் என்னை விட்டுப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் போனில் மிரட்டியவன் திங்கட்கிழமை என்று நாள் குறித்துவிட்டான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையில்தான் டீச்சர் எங்களை நடிக்கச் சொன்னார். பெற்றவர்கள் பிள்ளைகளாகவும் பிள்ளைகள் பெற்றவர்களாகவும் மாற வேண்டும். பிள்ளை கைதவறி அம்மாவின் போனைக் கீழே போட்டு உடைத்துவிட்டது. அதை வீட்டில் வந்து சொல்கிறது. கதை அவ்வளவுதான். அப்பா என்னைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு, துண்டின் நுனியைத் தாவணி போல் விரலில் சுற்றிக்கொண்டு, "அப்பா, போனு ஒடஞ்சு போச்சுப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல். "போன எதுக்குடி தொட்ட? எவன்கூடப் பேசுன? எவன்டி அவன்?" என்று கத்தினேன். "நாளையிலருந்து பள்ளிக்கூடம் கெடையாது. வெளிய தல காட்டுன, வெட்டிப் போட்டுருவேன். ஊருக்குள்ள நா எப்புடித் தலை நிமுந்து நடப்பேன்?" என்று இன்னும் என்னென்னவோ கத்தினேன். நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, முடியவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. உடைந்த போனைப் பற்றிய கதையில் எவனும் கிடையாது. அதை நான் உணர்ந்தபோது அப்பா குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் உயிர் என் கையில் இல்லை. டீச்சர் எதுவும் நடக்காதது போல அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த நான், வீடு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வந்தேன். ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தினார். இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. "நா ஒன் மொகத்தப் பாக்கலத்தா. இப்புடியே இருக்கேன். நீ சொல்லு" என்றார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை என்று சொன்னபோது வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழாமல் கண்ணைத் திறந்து பார்த்தால், சட்டை முதுகோடு ஒட்டிப்போகிற அளவுக்கு அவருக்கு வேர்த்திருந்தது. "எனக்கும் பயமா இருக்குத்தா. என்ன செய்யிறதுன்னு தெரியல. டீச்சர் கெளம்பிருக்க மாட்டாக, திரும்பிப் போவமா?" என்றார். அப்பா பயப்படுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பயம் என் பயத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கிற வேலை அன்றோடு போனது.

டீச்சர் எங்களை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அவன் வெளியூர்க்காரன், என் அப்பாவின் வயது, என்னைப் போல இன்னும் சில பிள்ளைகளையும் மிரட்டியிருக்கிறான் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு அது எதுவும் தெரியாது. அவன் அப்போது இன்னும் பிடிபடவில்லை. படம் யார் போனுக்கு வந்திருக்கிறது, யார் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. விஷயம் கேள்விப்பட்ட அத்தை விடிந்ததும் விடியாததுமாக வந்து, "பொட்டப்புள்ளய வீட்டோட வச்சுக்க. படிச்சுக் கிழிச்சது போதும்" என்றாள். பெரியப்பா வீட்டு அக்காவின் முகம் என் கண் முன்னால் வந்தது. அப்பா வண்டியை எடுத்து, "பையத் தூக்கிக்க" என்றார். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, "போத்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். உள்ளே நடந்தபோது யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே இருந்தது. சாயங்காலம் மணி அடித்து வெளியே வந்தால், அப்போதுதான் வந்தவர் போல வண்டியில் உட்கார்ந்திருந்தார். அப்படியே அந்த வாரம் முழுக்க விட்டார், கூப்பிட்டார். படம் யாருக்கும் வரவில்லை. நான் படித்து முடித்தேன்.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு என்னயப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு ஒங்க பாட்டுக்கு வேலைக்குப் போனீகளே, ஒங்களுக்குப் பயமே இல்லையாப்பா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்குட்டு வேலைக்குப் போனேன்?" என்றார். "அந்த வாரம் பூராம் ரோட்டுக்கு அங்குட்டு, புளியமரத்துக்குப் பின்னாடிதான் நின்னேன். நீ பாத்தா பயந்துருவியேன்னு தலையக் காட்டல."