அன்று ரோஸ்லின் கையில் போன் இல்லை

செய்தி வந்தபோது நான் பாக்கியத்துக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பாக்கியம் நிஜ மனுஷி இல்லை. ரோஸ்லினும் நானும் அவளுடைய போனில், ஒரு விளையாட்டுக்குள் குடிவைத்திருந்த பெண். எங்கள் மளிகைக்கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அழைப்பு எதுவும் வராதபடி ஃபிளைட் மோடில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்தார். போனை மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் திட்ட வரவில்லை.

"ஏளா, ஒன்கூடப் படிக்குமே அந்த ரோஸ்லின் புள்ள... ஹார்பர் ரோட்டுல லாரி அடிச்சிருச்சாம்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போகு முன்னாலயே முடிஞ்சிருச்சாம்" என்றார்.

மூட்டைக்குப் பின்னால் கிடந்தது ரோஸ்லினுடைய போன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் எல்லோரும் வேறு ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். "அந்தப் புள்ள போனப் பாத்துக்கிட்டே சைக்கிள்ல வந்துச்சு" என்று லாரி ஓட்டியவர் சொன்னார். அன்று இரவுக்குள் ஊர் முழுவதும் அதையே சொன்னது. போன் கிடைக்காததால், சக்கரத்தில் நொறுங்கிப் போயிருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அது நொறுங்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் இப்போது என் பக்கத்தில் இருக்கிறது.

நாளை காலை இறைவணக்கக் கூட்டத்தில் ரோஸ்லினுக்கு அஞ்சலி. அவளோடு நெருங்கிப் பழகியவள் என்று வகுப்பு டீச்சர் என்னை எழுதி வாசிக்கச் சொன்னார். "அவளோட நல்ல குணமா நாலு சொல்லு. கடைசியில ரோட்டுல போன் பாக்கக் கூடாதுன்னு பிள்ளைகளுக்கு ஒரு புத்தி சொல்லி முடி. அவ அம்மாவும் வாராங்க, பாத்து எழுது" என்றார். டீச்சர் கெட்டவர் இல்லை. அவரும் அழுதார். ஆனால் அந்தக் கடைசி வரியை என்னால் எழுத முடியாது. அதற்குப் பதிலாக எழுதுவதை வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. அப்பா இருமினால்கூட என் கை நின்றுவிடுகிறது.

ரோஸ்லினின் நல்ல குணங்களைக் கேட்டீர்கள். அவள் சண்டைக்காரி. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வரலாற்று வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் நடந்தது. சார் போர்டில் வரைபடம் போட்டு, எந்தப் படை எந்தப் பக்கம் போனது என்று அம்புக்குறி போட்டார். ரோஸ்லின் எழுந்து, "சார், அந்த அம்புக்குறிக்குக் கீழ இருந்த வீட்டுல எல்லாம் அன்னைக்கு என்ன சமைச்சாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அது பாடத்தில் இல்லை, உட்கார் என்றார் சார். அவள் உட்காரவில்லை. "தூத்துக்குடில என்ன சமைச்சாங்கன்னாவது சொல்லுங்க சார்" என்றாள். அன்று பிற்பகல் முழுவதும் வெளியே நின்றாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அப்போதுதான் எங்கள் விளையாட்டு அந்தக் காலத்துக்கு வந்திருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டைக் கட்டி, அதில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, அவர்களைச் சமைக்க, தூங்க, வேலைக்குப் போக வைக்கும் விளையாட்டு அது. அதில் ஒரு சவால் உண்டு. ஒரே குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக, அந்தந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்களோ அப்படியே வாழவைக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் எழுதிய விதிகள் இணையத்தில் கிடக்கின்றன. போர்க்காலம் வந்தால் வீட்டு ஆண்களை ராணுவத்துக்கு அனுப்ப வேண்டும், பெண்கள் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்று அதில் இருந்தது. ரோஸ்லின் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பட்டாளத்துக்குப் போனவங்க நம்ம பக்கமும் உண்டு. ஆனா எல்லா வீட்டுக்குள்ளயும் வந்தது பசிதான் ளா. நாம நம்ம ஊரு சண்டைய ஆடுவோம்" என்றாள்.

விதிகளைத் தேடி அவள் நேராக எங்கள் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, சண்டைக் காலத்துல கடையில என்ன வித்திய?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "நான் என்ன வெள்ளக்காரன் காலத்து ஆளா? என்னப் பாத்தா எப்படித் தெரியுது ஒனக்கு?"

"போர்டுல பழைய கடைன்னு நீங்கதான போட்டிருக்கிய."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் தாத்தா சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பர்மா அரிசி வருவது நின்றுபோனது, கம்பும் சோளமும்தான் கடையில் இருந்தது, மண்ணெண்ணெய்க்கு விடியும் முன்பே ஆட்கள் வந்து நின்றது, கப்பலுக்கும் விமானத்துக்கும் பயந்து இருட்டியதும் விளக்கை அணைத்தது. கடைசியில் பெருமையாக, "எங்க தாத்தா லேசுப்பட்ட ஆள் இல்ல. முன்வாசலப் பூட்டிட்டுப் பின்வாசல் வழியா அரிசி வித்தாரு" என்றார்.

மறுநாளே விளையாட்டில் புது விதி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கடைக்காரர் அரிசி பதுக்குவார். பாக்கியம் அவரோடு சிநேகமாக இருந்தால்தான் அந்த வாரம் சோறு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்க பூட்டனாரக் கள்ளன்னு சொல்லுதியா?" என்று கத்திவிட்டு மத்தியானம் வரை அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளாகவே வந்து, என் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அவரக் கெட்டவருன்னு நான் சொல்லல. பசிச்ச காலத்துல எல்லாரும் நல்லவங்களாவே இருந்தாங்கன்னு வச்சா, அது சண்டைக்காலம் மாதிரியே இல்ல ளா." முட்டையைத் திருப்பித் தரவில்லை.

இருட்டு விதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அவர்கள் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்தாள். ஜன்னலில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினாள். அவளும் நானும் அவள் அம்மாவும் அந்த இருட்டில் சாளை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். எனக்குத் தொண்டையில் முள் சிக்கியது. "குண்டு போட வந்தவன் சும்மாவே இருந்திருக்கலாம், முள்ளு குத்தியே பாதி ஊரு போயிருக்கும்" என்றாள் ரோஸ்லின். இருட்டில் அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. "தினமும் ஆடுங்கட்டீ, கரண்ட் பில்லாவது மிஞ்சும்" என்றார். அந்த விளையாட்டை ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு, விரல் வெடிக்க வேலை செய்து, மகள் படிப்புக்கு உதவும் என்று அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவர் அவர்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. அரையாண்டுத் தேர்வில் எனக்கு மதிப்பெண் குறைந்ததும் அப்பா என் போனை வாங்கிப் பூட்டிவிட்டார். "இனி அந்த வெளையாட்ட ஒங் கையில பாத்தேன், பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவேன். ஏரல்ல சித்தி வீட்டுல போய் கடையப் பாத்துக்க" என்றார். அப்பா சொன்னால் செய்வார். அக்காவைப் பத்தாவதோடு நிறுத்தியவர். அதனால்தான் ரோஸ்லின் ஒருநாள் விட்டு ஒருநாள் தன் போனை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து அனுப்பினாள். ஒருநாள் அவள் முறை, ஒருநாள் என் முறை.

பாக்கியத்தின் மகன் ராயப்பன் செத்த கதையையும் சொல்ல வேண்டும். அவனைச் சங்குக் குளிக்கிறவனாக வைத்திருந்தோம். அந்த விளையாட்டில் கடல் கிடையாது. மஞ்சள் தரை போட்டு அதை மணல் என்றோம். நீச்சல்குளம் ஒன்றைப் பெரிதாக வெட்டி அதைக் கடல் என்றோம். குளத்துக்கு ஏணி வைக்கும் இடம் வந்ததும் ரோஸ்லின் என் கையைத் தட்டிவிட்டாள். "கடலுக்கு எங்கயாவது ஏணி உண்டா ளா?" என்றாள். எனக்கும் சரியென்றே பட்டது. கடலைத் தினமும் பார்க்காத ஊர்ப் பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். ராயப்பன் குதித்தான், நீந்தினான், ஏறுவதற்கு வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த விளையாட்டில் ஏணி இல்லாமல் கரையேற முடியாது. நாங்கள் அதைப் புரிந்துகொள்வதற்குள் அவன் மூழ்கிவிட்டான்.

நான் அழுதேன். பழைய இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாம் என்றேன். கூடாது என்றாள். அப்படியானால் குண்டு விழுந்து செத்தான் என்றாவது வைத்துக்கொள்வோம், போர்க்காலம்தானே, அவனுக்கும் ஒரு மரியாதை என்றேன். ரோஸ்லினுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவன் சண்டையில சாவல. நாம ஏணி வைக்கல, செத்துப்போனான். செத்தவனப் பத்தி எதுக்கு ளா பொய் சொல்லுத? அவன் வந்து இல்லன்னு சொல்ல மாட்டாங்குத தைரியமா?"

அவளைப் பற்றி எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவளாலும் வந்து இல்லையென்று சொல்ல முடியவில்லை.

கடைசி நாள் நடந்தது இவ்வளவுதான். பள்ளி விட்டதும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து அவள் என் சாப்பாட்டுப் பைக்குள் போனைப் போட்டாள். "இன்னைக்கு ஒன் முறை. பாக்கியத்தப் பட்டினி போட்டுறாத, அவ மகன் செத்த துக்கத்துல இருக்கா" என்றாள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தாள். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தாள். அவள் வாசலைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் எதுவும் இல்லை.

அடக்கத்துக்கு நானும் அப்பாவோடு போனேன். அவள் அம்மா பெட்டியின் மேல் விழுந்து, "நாந்தான வாங்கிக் குடுத்தேன். எம் புள்ளய நாந்தான கொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன்தான் எமன்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அது ஆறுதலாம். அப்பா அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார், அவர் கண்ணும் சிவந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் போன் ஏன் என்னிடம் இருந்தது என்ற கேள்வி வரும். பக்கத்தில் அப்பா நின்றார்.

அடுத்த வாரம் பள்ளியில் எல்லோருடைய பையையும் சோதித்தார்கள். "ரோஸ்லின் மாதிரி ஆகணுமா?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டார்கள். கேள்வி கேட்டதற்காக வெளியே நின்றவள் பெயர் இனி இந்தப் பள்ளியில் எச்சரிக்கைப் பலகையாகத்தான் இருக்கப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. அவள் அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள்.

அதனால் இதை நாளை வாசிக்கப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. மைக்கை அணைத்தால் மைக் இல்லாமல் வாசிப்பேன், என் குரல் கடைசி வரிசை வரை போகும். போலீஸ் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அப்பா, நீங்கள் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாம். ஏரலுக்கு அனுப்பலாம். உங்கள் கடைக்கு வந்து, உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டு, உங்களைச் சிரிக்கவைத்த பிள்ளையைப் பற்றித்தான் இந்தப் பொய் சுற்றுகிறது. அதை மட்டும் யோசித்துவிட்டு எதுவானாலும் செய்யுங்கள்.

ரோஸ்லின் அம்மா, நீங்கள் முன்வரிசையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த போன் அவளைக் கொல்லவில்லை. அது என் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. நான் பார்த்தவரை அவள் முன்னால் பார்த்துத்தான் ஓட்டினாள். வாசித்து முடித்ததும் அதை உங்கள் கையில் தருகிறேன். அதில் நாங்கள் கட்டிய வீட்டில் போர் இன்னும் முடியவில்லை. பாக்கியம் சாப்பிட்டுவிட்டாள்.

இப்படி எழுதும்போது, இறந்தவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது என்ன என்று சொல்லி முடிப்பார்கள். ரோஸ்லினிடம் யார் எதைச் சொன்னாலும் முதலில், "யாரு சொன்னா? பாத்தவங்க பேரச் சொல்லு" என்பாள். டீச்சர்களுக்கு அது எரிச்சல். எங்களுக்கும் சில நேரம் எரிச்சல்தான். இனி அந்தக் கேள்வியை நான் கேட்பேன். அது என்னோடு இருக்கட்டும். முதலில் இதைப் பெயர் போடாமல் டீச்சர் மேசையில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி வைத்தால் அவளே என்னை விடமாட்டாள். யார் சொன்னது என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். பார்த்தது நான், சொல்வதும் நான்.

ச. முத்துச்செல்வி,
பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.