வலிக்குதா என்று கேட்டபோது

என் தங்கை பவுலினாவின் புருஷன் மரியநாயகம் பிறக்கும்போதே வெள்ளை. தலைமுடி, புருவம், கண் இமை எல்லாம் சோளக்கதிர் நார் நிறம். தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகள் அவனை "வெள்ளத்தொர" என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டு சலாம் வைப்பான். நல்ல மனுஷன், கோபமே வராது. எனக்கு அவனிடம் பிடிக்காததும் அதுதான்.

இலங்கையில் நமுனுகுல மலையடியில் எங்கள் தேயிலைத் தோட்டம். அவனும் நானும் செடி வெட்டும் ஒரே கவ்வாத்துக் கூட்டம். தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிவிட்டால் அந்த மலையில் ஒதுங்க ஒரு இலை மிஞ்சாது. எங்களை வெயில் இன்னும் கறுப்பாக்கியதோடு விட்டது. அவனை உரித்தது. மூக்கு உரியும், உதடு வெடிக்கும், பின்கழுத்தில் கொப்புளம் கிளம்பும். வேலை விட்டு வந்ததும் பவுலினா தேங்காயெண்ணெய் தடவுவாள். காதை மூடித் தலைப்பாகை கட்டு என்று கத்துவாள். காதை மூடினால் கங்காணி கூப்பிடுவது கேட்காது என்று அவன் மூடமாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் அவன் வலது காதில் ஒரு புண் வந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும். மூன்று மாதமாகியும் ஆறவில்லை. பெருநோய், குஷ்டம் என்று லயத்தில் பேச்சுக் கிளம்பியது. பவுலினா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்க எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, பெரிய கங்காணி அவனைத் துரை முன்னால் இழுத்து நிறுத்தினார். பிரம்பு நுனியால் காதுப் புண்ணை அழுத்தினார்.

"வலிக்குதாடா?"

"இல்லீங்க."

இன்னும் அழுத்தினார். "இப்ப?"

"ஒண்ணுமில்லீங்க."

அட மடையா! பெரட்டில் நின்று வலிக்கிறது என்று சொன்னவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. முதுகே ஒடிந்தாலும் ஒண்ணுமில்லீங்க என்றுதான் சொல்வோம். வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் பெருநோய்ப் புண்ணுக்குத்தானே உணர்ச்சி இருக்காது? துரை இரண்டடி பின்னால் நகர்ந்தார். கொழும்புப் பக்கம் பெருநோய்க்காரர்களை வைத்திருக்கும் இடத்துக்குத் திங்கட்கிழமை அவனை அனுப்ப உத்தரவானது. அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. பவுலினாவின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"எதுக்குய்யா இல்லேன்னு சொன்ன?" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தொர முன்னால நிக்கிறப்ப எப்பிடி புள்ள சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர்களை இழுத்துக்கொண்டு பசறைக்கு நடந்தேன். அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜௌபர் ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவன் கண்ணைத் துணியால் கட்டினார். ஊசியை எடுத்தார்.

"குத்துறது தெரிஞ்சா சொல்லணும். வெளங்குதா?"

"சரிங்க."

காதில் குத்தினார். மரியநாயகத்தின் கை பெஞ்சை இறுக்கியது, வாய் திறக்கவில்லை. மறுபடி குத்தினார். ரத்தம் துளிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பாவி!

"சொல்லித் தொலைய்யா!" என்று பவுலினா அலறினாள். "நீ போயிட்டா நானும் இந்தப் புள்ளையும் எங்க போறது? வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு!"

"வலிக்குதுங்க," என்றான்.

ஜௌபர் ஐயா ஊசியைக் கீழே வைத்து, கண் கட்டை அவிழ்த்தார். "இது பெருநோய் இல்ல. வெயில் தின்ன புண்ணு." ஒரு டப்பா துத்தநாகக் களிம்பு கொடுத்தார். காதும் கழுத்தும் மறைய ஓலைத் தொப்பி போட வேண்டும், உச்சி வெயிலில் மலையில் நிற்கவே கூடாது என்றார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் இவனுக்கு வேலை கொடுக்கும்படி துரைக்கு ஒரு கடிதமும் எழுதினார். அந்தக் கடிதம்தான் அவனைத் தோட்டத்தில் நிறுத்தியது.

எழுதிக்கொண்டே, "வேற எங்கயாச்சும் வலிக்குதா?" என்று கேட்டார்.

"உதடு வலிக்குதுங்க. கழுத்து வலிக்குது. துணி பட்டாலே முதுகு எரியுதுங்க. பன்னெண்டு வருசமா எரியுதுங்க..."

அவனால் நிறுத்த முடியவில்லை. பவுலினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவனுக்கு அடுத்த நிரையில் நின்று வெட்டியவன் நான். ஒரு நாள்கூட நான் அவனைக் கேட்டதில்லை.