அந்தோனி அண்ணை ஈயம் தட்டிய இரும்பு

போன மாதம் இலண்டனில் மகள் என்னை ஒரு போர் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனாள். போரைப் பார்க்கவும் டிக்கெட்டா என்று எனக்கு எரிச்சல். நாங்கள் அதை இலவசமாகவே பார்த்தவர்கள். இரண்டு உலகப் போர்களும் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். ஓர் எறிகணையின் மூக்கிலிருந்த பித்தளை வளையத்தைக் காட்டி, "அம்மா, இதைக் கழட்டாட்டி குண்டு உயிரோடதான் இருக்குமாம்" என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நகர்ந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும், மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஊர்காவற்றுறைக்குப் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ். பண்ணைப் பாலம், வேலணை வழியாக ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். யன்னலோரம் பிடியுங்கள், இரண்டு பக்கமும் கடல்.

தங்கியது கடற்றொழிலாளி அந்தோனி அண்ணை வீட்டில். அவர் மனைவி மேரி அக்கா வைத்த நண்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தால், அண்ணை வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டிருக்கிறார். கீழே தாங்கலுக்கு ஒரு நீள இரும்பு. அதன் மூக்கில் மினுங்கியது அதே பித்தளை வளையம்.

"ஐயோ அண்ணை, அடிக்காதேங்கோ! அது குண்டு!"

"வலையில வந்த சாமான் தங்கச்சி. எங்கட சண்டையில விழுந்த குண்டு எல்லாம் எனக்குத் தெரியும். இது அதில ஒண்டும் இல்லை. கனகாலமா இதிலதான் அடிக்கிறன், இண்டைக்கு மட்டும் வெடிக்கப்போகுதோ?"

சுத்தியல் மறுபடி உயர்ந்தது. அவர் கையை எட்டிப் பிடித்துவிட்டேன். வெட்கம் பார்க்கிற நேரமா அது?

மேரி அக்காதான் பொலிசுக்குச் சொன்னார். மறுநாள் இராணுவத்தினர் வந்து அதை வெடிக்கவைக்க வெறுங்காணிக்குக் கொண்டுபோனார்கள். "புஸ்ஸெண்டுதான் போகும், பாருங்கோ" என்று அண்ணை அப்போதும் சிரித்தார். வெடித்தபோது காலடி மண் அதிர்ந்தது. "பழசு. வெள்ளைக்காரன்ட பெரிய சண்டை. உள்ளுக்கு மருந்து நல்லா இருந்தது" என்றார் அதிகாரி, தெரிந்த தமிழில். அண்ணை மணலில் குந்திவிட்டார்.

"இஞ்சாருங்கோ," என்றார் மேரி அக்கா. "வலையில ரெண்டெல்லே வந்தது?"

மற்றதை மண்டைதீவில் இருக்கும் மேரி அக்காவின் தம்பிக்குக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கும் ஈயம் தட்ட வேண்டுமே. உடனே போன் எடுத்தோம்.

"சொல்லுங்கோ அத்தான்." பின்னால் டங், டங் என்று சத்தம். மேரி அக்கா போனைப் பறித்தார்.

"அடிக்காதை! சுத்தியலைப் போட்டிட்டுப் பிள்ளையளோட வெளியில ஓடு!" என்று கத்தினார்.

சத்தம் நின்றது. ஏன் நின்றது என்று தெரியாமல் மூன்று பேரும் போனையே பார்த்தோம்.

"என்னக்கா, ஏன் கத்துறாய்?" என்றான். மேரி அக்கா அழத் தொடங்கினார்.

போகிறவர்களுக்கு: நெடுந்தீவு, நயினாதீவுப் படகுக்குக் குறிகாட்டுவான் பஸ் எடுக்க வேண்டும், ஊர்காவற்றுறை பஸ் வேறு. வெயிலுக்குக் குடை வேண்டும். பழைய இரும்பு எதையும் தொடாதீர்கள், வீட்டுக்காரர் எவ்வளவு சிரித்தாலும் பொலிசுக்குச் சொல்லுங்கள். அந்த இலண்டன் சுவரில் போர் முடிந்த ஆண்டை எழுதியவர், மண்டைதீவுக்கு ஒருதரம் போன் எடுத்துப் பார்த்திருக்கலாம்.